அம்மாச்சி பொய் சொல்லவில்லை

உத்தமபாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அம்மாச்சி பொய் சொல்லுது மாமா" என்றாய். 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டிக்கு நேரில் வந்தார், தான் கூட்டத்தில் நின்று பார்த்தேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, அப்போது அவர் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாய். விவரம் சரிதான். தொகுதிப் பக்கம் வராமலேயே அவர் ஜெயித்த தேர்தல் அது. ஆனாலும் அம்மாச்சி பொய் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் காட்சியை வீடியோ எடுத்து வந்து அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கத் திரையிட்டார்கள். இருட்டில் சனத்தோடு சனமாக நின்று அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் அவளும் ஒருத்தியாக இருந்திருப்பாள். அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொரு கூட்டத்தில் அவரை நேரில் பார்த்தும் இருக்கலாம். நாற்பது வருடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நினைவு, குதிரில் கொட்டிய நெல் மாதிரி போட்டது போட்டபடி கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் பார்த்ததை ஓரிடத்திலிருந்தும் கேட்டதை ஓரிடத்திலிருந்தும் எடுத்து மூளை புதிதாகச் சேர்க்கிறது. சேர்க்கிற வேலையில் பெரும்பங்கு ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியுடையது. இரண்டு காதுக்கும் உள்பக்கமாக ஆழத்தில் இருக்கிறது. சேர்க்கும்போது ஒன்றிரண்டு இடம் மாறிப்போகும். உனக்கும் மாறும், உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த வளைந்து கொடுக்கிற தன்மையால்தான் நம்மால் நாளையைப் பற்றி யோசிக்க முடிகிறது. டெமிஸ் ஹசாபிஸ் என்று ஒருவர். செயற்கை நுண்ணறிவு வேலைக்காக 2024இல் வேதியியல் நோபல் வாங்கினாரே, அவரேதான். அதற்கு வெகுகாலம் முன்பு, 2007இல், லண்டனில் எலினார் மகுவாயருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். ஹிப்போகேம்பஸ் கெட்டுப்போன நோயாளிகளிடம், வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ சொன்னார்கள், முழுக் காட்சியாகக் கூடி வரவில்லை. நேற்றைத் தொலைத்தவர்களுக்கு நாளையும் மங்கிப்போயிற்று.

நம் பள்ளத்தாக்கையே வைத்து இதை யோசித்துப் பார். பெரியாறு அணை 1895இல் முடிந்தது. மேற்கே ஓடுகிற ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்று யாரோ முதலில் மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். முன்பு கண்ட ஆறுகளையும் மலைகளையும் வைத்துத்தான் காணாததைக் கட்ட முடியும். ஒவ்வொரு ஜனவரி 15ஆம் தேதியும் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில், அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறவர்களில் ஒருவர்கூட அவரைக் கண்டதில்லை. அவர் பட்ட பாட்டை நினைத்து உருகுகிறார்கள். பார்க்காத ஒரு மனிதரின் மனதுக்குள் போய்வர முடிகிறதே, அதற்கும் பெருமளவு, நினைவுக்கு உதவுகிற அதே மூளை வலையமைப்புதான் உழைக்கிறது. பழையதை நினைப்பது, வரப்போவதை எண்ணிப் பார்ப்பது, அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று உணர்வது, மூன்றிலும் நெற்றிக்குப் பின்புறம் நடுவிலும், தலையின் பின்பகுதி உள்நடுவிலும், காதுக்கு மேல் பக்கவாட்டிலும் ஏறக்குறைய அதே இடங்கள் விழிக்கின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2009இல் எழுதினார்கள். அமெரிக்காவில் மார்கஸ் ரெய்க்கிலும் கூட்டாளிகளும் 2001இல் இதன் இயக்கத்துக்கு டிஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தார்கள். வேலை ஒன்றும் கொடுக்காமல் சும்மா விட்டால் இந்தப் பகுதிகள் சுறுசுறுப்பாகும் என்பது அப்போது பலருக்கு ஆச்சரியம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது.

போன தடவை நீ வந்திருந்தபோது, "புள்ளைக்கு ஆபீசுல ஏதோ மனக்கஷ்டம், யாரும் நச்சரிக்காதீங்க" என்று அம்மாச்சிதான் எங்களிடம் சொன்னாள். நீ வாயே திறக்கவில்லை. காலையில் மாத்திரை போட்டதை மறந்துவிடுகிற அதே மனுஷிதான் உன் முகத்தைப் படித்தாள். வயதாக ஆக இந்த வலையமைப்பின் இணைப்புகள் கொஞ்சம் தளர்கின்றன. நேற்று யார் வந்தார், சாவியை எங்கே வைத்தோம் என்பவை முதலில் நழுவும். சொல்வளமும் உலக அறிவும் அத்தனை சீக்கிரம் போவதில்லை. கை பழகிய வேலையோ வேறு வழியில் பதிவது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காகச் செய்த அறுவையில் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி போய்விட்டது. அதன்பின் புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனதில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கினால் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், முந்தின நாள் வரைந்த ஞாபகமே இல்லாமல்.

அம்மாச்சி முன்னால் ஒரு சுளகில் ஏலக்காயைக் கொட்டிக் கொடு. பேசிக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பருத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம், பிஞ்சை ஒரு பக்கம் ஒதுக்குவாள். விடியுமுன் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் செடியின் அடித்தூரில் தரையோடு படர்ந்த சரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காய் எடுத்த கை அது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்துக் கதையைக் கேள். நடுவில் மறுக்காதே. வருடம் தப்பாக இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், தோட்டத்தில் மலையாளம் என்று மூன்று பாஷை அவளுக்கு. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் டிமென்ஷியா வந்த 648 பேரை ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கு மேல் மொழி பேசுவோருக்கு அந்நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடத்திலும். எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நீ அம்மாச்சியிடம் தெலுங்கிலேயே பேசு. அது அவளுக்கு நல்லது, உனக்கும்தான்.

அதற்காக, வயசானா அப்படித்தான் என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, காசை எண்ணத் தடுமாறினாலோ, சுபாவமே மாறினாலோ டாக்டரிடம் போக வேண்டும். பி12 குறைவும் தைராய்டும் மனச்சோர்வும்கூட மறதி மாதிரி காட்டும்; அவற்றுக்கு மருந்து உண்டு. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் அதில் உண்டு. காது கேளாமை அதில் முன்வரிசையில் நிற்கிறது. காது மந்தமானால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் மனிதர்கள் விலகுவார்கள். அம்மாச்சி இப்போதெல்லாம் நாம் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கவனித்தாயா?

உனக்கும் ஒரு வார்த்தை. பஸ்ஸில் வரும்போது போனைப் பையில் போட்டுவிடு. வெறுமனே வேடிக்கை பார், சும்மா இருக்கும்போது விழிக்கிற அந்த வலையமைப்பு வேலை செய்யட்டும். ஒரே கவலையில் மனம் சுழன்றால் மட்டும் யாரிடமாவது பேசிவிடு. அப்படிச் சுழல வைப்பதும் இதே வலையமைப்புதான்.

காதைக் காட்டலாம் வா என்று நான் கூப்பிட்டால் அம்மாச்சி, "எனக்கென்ன காது செவிடா" என்று சண்டைக்கு வருகிறாள். நீ கூப்பிட்டால் வருவாள். வருகிற லீவுக்கு வந்து, க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் கூட்டிப்போ. மெஷின் வாங்க வேண்டியிருந்தால் பணம் நான் தருகிறேன். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
மாமா