கேத்தல் தண்ணீரும் விறகுக் கணக்கும்

சாதாரண தர விஞ்ஞானத்தில் வரும் வெப்பக் கணக்கை நம்ம அடுப்படியிலேயே படிக்கலாம்.

1 கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே அதன் தன்வெப்பக் கொள்ளளவு. தண்ணீருக்கு 4200 யூல். அலுமினியத்துக்கு ஏறக்குறைய 900 யூல்.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்.

ஹப்புத்தளை சுமார் 1430 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதிக்கும். 20 பாகையில் உள்ள 2 லீட்டர், அதாவது 2 கிலோ தண்ணீர் கொதிக்க:
2 × 4200 × 75 = 630,000 யூல்.

அரைக் கிலோ அலுமினியக் கேத்தல் சூடாக:
0.5 × 900 × 75 = 33,750 யூல்.

பாத்தீங்களா? விறகைத் தின்பது கேத்தல் இல்லை, தண்ணீர்தான். அடுப்பைச் சுற்றி வீணாகும் சூடு இதில் சேரவில்லை. ஆகவே தேவையான அளவு மட்டும் வையுங்கள்.

கொதி வந்த பிறகு எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது, ஆவியாகத்தான் போகும். தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் செத்துவிடும். உடனே விறகை வெளியே இழுத்துவிடுங்கள். ஆனால் விறகு மிச்சம் என்று பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

பிள்ளைகளே, இதே கணக்கை 3 லீட்டர் தண்ணீருக்குப் போட்டுப் பாருங்கள். விடை: 945,000 யூல்.