கணிப்பொறியில் காணாமற்போன நூலகம்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மறுநாள் காலை எங்கள் கல்லூரியில் இளநிலை இயற்பியல் செய்முறைத் தேர்வு. ஆய்வகத்தின் இரண்டு கணிப்பொறிகளிலும் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயக்க முறைமை இருந்தது. அதன் புதிய பதிப்பான 22.04 அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்திருந்தது. தேர்வு நாளில் எல்லாம் புதிதாக இருக்கட்டுமே என்று எண்ணி, மாலையில் ஒரு கணிப்பொறியை நானே மேம்படுத்தினேன். வேலை முடியும் தறுவாயில், "ஆதரவு முடிந்த பழைய தொகுப்புகளை நீக்கிவிடலாமா?" என்று அது கேட்டது. கூடவே ஒரு நீண்ட பட்டியலையும் காட்டியது. பட்டியலைப் படிக்காமலே "ஆம்" என்றேன்.

காலையில், கைகர்-முல்லர் எண்ணியின் அளவீடுகளைப் பதிவு செய்யும் நிரல் திறக்கவில்லை. "பகிர்வு நூலகங்களை ஏற்றுவதில் பிழை, லிப்எஸ்எஸ்எல் 1.1 என்ற கோப்பு இல்லை" என்ற பொருளில் ஒரே ஒரு வரி திரையில் தோன்றியது.

"நேற்று மாலை வரை நன்றாகத்தானே ஓடியது, சார்?" என்றார் ஆய்வக உதவியாளர். வெளியே மாணவர்கள் பதிவேடுகளுடன் காத்திருந்தனர்.

அந்த நிரலை யாரும் தொடவில்லை. அதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பின் ஏன் ஓடவில்லை?

பகிர்வு நூலகம் என்பது யாது?

உங்கள் ஆய்வகத்தில் மடக்கை அட்டவணை நூல் ஒன்று இருக்கும். பெருக்கலோ வகுத்தலோ வரும்போது எல்லாரும் அந்த ஒரே நூலைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். ஒவ்வொருவரும் அட்டவணை முழுவதையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை. எழுதினால் தாளும் வீண், உழைப்பும் வீண் அல்லவா?

நிரல்களும் இப்படித்தான். கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, செய்தியை மறைகுறியாக்கி அனுப்புவது போன்ற வேலைகள் பல நிரல்களுக்கும் தேவை. அவற்றைச் செய்யும் கட்டளைத் தொகுதிகளைத் தனிக் கோப்புகளாக எழுதி வைத்து, எல்லா நிரல்களும் பயன்படுத்திக்கொள்ளச் செய்கிறார்கள். இவையே பகிர்வு நூலகங்கள். ஒரு நிரலைத் தொடங்கியதும், ஏற்றி என்னும் சிறு நிரல் முதலில் விழித்து, "உனக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும்?" என்று அதன் பட்டியலைப் பார்க்கிறது, அவற்றைத் தேடி எடுத்து நினைவகத்தில் வைத்து இணைக்கிறது. பட்டியலில் ஒன்று கிடைக்காவிட்டாலும் நிரல் தொடங்காது. எங்கள் ஆய்வகத்தில் நடந்தது அதுவே.

இம்முறையால் பெரிய நன்மை ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் எனப்படும் குறைபாடு வெளிப்பட்டது. அதன் வழியாக, ஒரு கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள இரகசியங்களை வெளியார் படிக்க முடிந்தது. அந்த ஒரு நூலகத்தை மாற்றி, நிரல்களை மறுபடி தொடங்கியதும், அதைப் பகிர்ந்துகொண்ட எல்லா நிரல்களும் ஒருசேரத் திருந்தின. நூலகத்தைத் தமக்குள்ளேயே படியெடுத்து வைத்திருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

பெயரோடு ஓர் எண்

பகிர்வில் சிக்கலும் உண்டு. நூலகம் மாறும், அதை நம்பிய பழைய நிரல் மாறாது. இவ்விரண்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று அறிவது எப்படி?

இதற்காகவே நூலகத்தின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்க்கிறார்கள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 பதிப்பு 2016-இலும், 1.1.1 பதிப்பு 2018-இலும் வந்தன. உள்ளே பல திருத்தங்கள் இருந்தும், இரண்டு நூலகங்களின் பெயரிலும் 1.1 என்றே இருந்தது. "முன்னதற்காக ஆக்கப்பட்ட நிரல் என்னிடமும் ஓடும்" என்பது அதன் பொருள். 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில் பழைய ஒழுங்கு மாறியது. ஆகவே பெயரில் உள்ள எண்ணும் 3 ஆயிற்று. இந்த எண் வெறும் அடையாளம் அன்று. ஆக்கியோர் தரும் வாக்குறுதி.

உபுண்டு 22.04-இல் 3 மட்டுமே இருந்தது. அதனுடன் வரும் நிரல்கள் எல்லாம் 3-க்கு ஏற்றவாறு மறுபடி ஆக்கப்பட்டவை. எங்கள் எண்ணி நிரலோ வெளியிலிருந்து தனியே வாங்கியது. அளவீடுகளை வலைப்பின்னல் வழியே அனுப்ப அது 1.1-ஐ நம்பியிருந்தது. பழைய தொகுப்புகளின் பட்டியலில் 1.1-உம் இருந்தது. நான் "ஆம்" என்றதும் அது போய்விட்டது.

பெயரை மாற்றி ஒட்டினால்?

பதற்றத்தில் எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. 3-ஆம் நூலகத்திற்கு 1.1 என்று மாற்றுப்பெயர் சூட்டினேன். ஏற்றி ஏமாந்துவிடும் என்று நினைத்தேன். நிரலைத் தொடங்கினால் வேறொரு வரி வந்தது: "ஓபன்எஸ்எஸ்எல் 1.1.0 என்ற பதிப்புக் குறி இந்த நூலகத்தில் காணப்படவில்லை."

கோப்பின் பெயர் மட்டுமன்றி, அதனுள் இருக்கும் ஒவ்வொரு செயல்கூறின் மீதும் பதிப்புக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகையை மாற்றினேன். வீட்டினுள் இருந்தவர் தம் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார்! அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு சிந்தித்தபோது, அந்தப் பிழைச்செய்தி என்னைக் காப்பாற்றியது என்று உணர்ந்தேன்.

பிழை சொல்லாத பிழை

எப்படி என்கிறீர்களா? மடக்கை அட்டவணைக்கே வருவோம். "இரண்டாம் பக்கம், 20 என்ற வரிசை, முதல் நிரை" என்று மட்டும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அங்கே 3010 என்று இருக்கும். புதிய பதிப்பில் அதே பக்கத்தில் எதிர்மடக்கை அட்டவணையை அச்சிட்டுவிட்டால்? அதே வரிசையில், அதே நிரையில் 1585 என்று இருக்கும். நூல் "தவறு" என்று கத்தாது. உங்கள் கணக்கு மட்டும் அமைதியாகப் பிழைபடும்.

எந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரலும் விவரங்களைப் பெயரால் தேடுவதில்லை, இடத்தால் தேடுகிறது. ஒரு பதிவில் முதல் 4 பைட்டுகளில் நேரமும், அடுத்த 4 பைட்டுகளில் எண்ணிக்கையும் இருப்பதாகக் கொள்வோம். புதிய நூலகம் நேரத்திற்கு 8 பைட்டுகள் தருகிறது. எண்ணிக்கை நான்கு பைட்டுகள் தள்ளிப் போய்விடும். பழைய நிரல் பழைய இடத்தையே படிக்கும். நம் மேசைக் கணிப்பொறிகள் ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைப்பவை. ஆகவே அங்கே இருப்பது நேரத்தின் பெரிய பகுதி, அதாவது இன்றைய நிலையில் சுழி. எண்ணி நூறு துகள்களை எண்ணியிருக்கும். திரை 0 என்று காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது!

இது கற்பனை அன்று. 1970 சனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணும் கணிப்பொறிகளில், 32 பிட்டில் அடங்கும் பெரும எண் 2,147,483,647. இந்திய நேரப்படி 2038 சனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். இதற்காக டெபியன் என்ற லினக்ஸ் அமைப்பினர் 2024-இல் 32 பிட் கருவிகளுக்கான நேரத்தை 64 பிட்டாக விரித்தனர். அப்போது, பாதிக்கப்படக்கூடிய நூலகத் தொகுப்புகளின் பெயரில் டி64 என்ற ஒட்டைச் சேர்த்தனர். பழையதும் புதியதும் தெரியாமல் கலந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். அளவு மாறியது, ஆகவே பெயரையும் மாற்றினர். பழைய நிரல்களை ஓட்டுவதற்கென்றே நிலைத்திருக்கும் ஐ386 வகையை மட்டும் மாற்றாமல் விட்டனர்.

மேம்படுத்தும் முன்

அன்று எங்கள் தேர்வைக் காப்பாற்றியது நான் மேம்படுத்தாத இரண்டாவது கணிப்பொறி. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதில் அளவீடு எடுத்தனர். தேர்வு முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. பின்னர், நிரலை விற்றவர்கள் 3-க்கு ஏற்றவாறு அதை மறுபடி ஆக்கி அனுப்பினர். சரியான தீர்வு அதுவே. பழைய 1.1-ஐ எங்கிருந்தாவது கொண்டுவந்து வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1.1.1-க்கான பொதுத் திருத்தங்கள் 2023 செப்டம்பருடன் முடிந்துவிட்டன. ஹார்ட்பிளீட் போன்ற ஓட்டை இனி அதில் தோன்றினால் அடைக்க ஆள் தேடவேண்டும்.

நான் கற்ற பாடங்கள் மூன்று. நீக்கப்படும் தொகுப்புகளின் பட்டியலைப் படித்த பிறகே "ஆம்" என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து வாங்கி நிறுவிய நிரல்கள் எவை என்று முன்னதாகவே குறித்து வையுங்கள். பல கணிப்பொறிகள் இருந்தால் ஒன்றை மட்டும் மேம்படுத்தி, சில நாள் ஓட்டிப் பாருங்கள்; தேர்வுக்கு முன்மாலையில் அந்த ஒன்றையும் தொடாதீர்கள்!

செய்து பாருங்கள்

பள்ளியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், ஆசிரியரின் அனுமதியுடன் முனையத்தைத் திறந்து, எல்டிடி என்ற கட்டளையைக் கொடுத்து, இடைவெளி விட்டு, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் நிரலின் முழுப் பாதையை எழுதுங்கள். அது நம்பியிருக்கும் நூலகங்கள் வரிசையாக வரும். நன்கு அறிந்த நிரல்களுக்கு மட்டும் இக்கட்டளையைப் பயன்படுத்துங்கள். பட்டியலில் லிப்சி என்ற நூலகமும் அதன் பக்கத்தில் 6 என்ற எண்ணும் இருக்கும். 1997 முதல் அந்த எண் மாறவில்லை. ஆனால் நூலகம் எத்தனையோ முறை மாறிவிட்டது. எண்ணை மாற்றாமலே வாக்குறுதியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? விடைக்கான குறிப்பு இக்கட்டுரையிலேயே இருக்கிறது. தேடிக் கண்டுபிடியுங்கள்.