காற்றினால் இலேசாகிய கல்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாக உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றினையும் சான்றோர் கூறுவர். இவற்றுள் முன்னைய இரண்டிலும் பிழை நேரின் விரைவில் திருத்திக்கொள்ளலாம். வீடோ அங்ஙனமன்று. ஒருமுறை கட்டிய வீட்டில் இரண்டு மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். ஆதலின் வீடு கட்டும் பொருள்களின் இயல்பை அறிந்துகொள்வது பொறியியல் பயில்வார்க்கு மாத்திரமன்றி, என்றேனும் ஒரு வீட்டைக் கட்டவோ வாங்கவோ போகின்ற நம் எல்லோர்க்கும் உரிய கடமையாகும்.

இக்காலத்தில் நகரங்களில் அடுக்குமாடிக் கட்டடம் எழும் இடங்களைக் கடந்து செல்வோர், சாம்பல் நிறமும் வெண்மையும் கலந்த பெரிய கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் காண்பர். ஒரு செங்கல்லினும் பல மடங்கு பருமனுள்ள அக்கல்லை ஓர் ஆளே தூக்கிச் சுவரின்மேல் வைக்கிறான். வேண்டிய அளவிற்குக் கைவாளால் மரத்தைப்போல அறுத்தும் கொள்கிறான். ஏ.ஏ.சி. கல் என்று கொத்தனார்கள் வழங்குவது இதனையே. காற்றறைகள் பொதிந்து, நீராவியில் வெந்து இறுகிய கான்கிரீட் என்பது அப்பெயரின் பொருள். இதன் கனவளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறுங்காற்றேயாம். இக்கல்லின் நன்மைகளிற் பெரும்பாலனவும் குறைகளிற் பெரும்பாலனவும் அக்காற்றிலிருந்தே பிறக்கின்றன. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த வரலாறு

இக்கல் பிறந்த நாடு ஸ்வீடன். குளிர் மிகுந்த அந்நாட்டில் வீடுகளைப் பெரும்பாலும் மரத்தாற் கட்டினர். மரம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது, எடையும் குறைவு. ஆயினும் அது தீப்பற்றும், ஈரத்தால் உளுத்துப்போகும். முதல் உலகப் போரை ஒட்டி எரிபொருட்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையின், வெப்பத்தை வெளியே விடாத சுவர்கள் அந்நாட்டிற்குப் பெரிதும் வேண்டப்பட்டன. மரத்தின் நன்மைகளை உடையதாய், அதன் தீமைகள் இல்லாததாய் ஒரு கல்லை ஆக்கக்கூடுமா என்பதே அப்பொழுது எழுந்த வினா.

இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஆக்ஸல் எரிக்ஸன் என்னும் கட்டடக்கலைஞர். ஸ்டாக்ஹோம் நகரத்து அரச தொழில்நுட்பக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துவந்த இவர், தாம் கண்ட முறைக்கு 1924-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். உலோகத் தூளைக் கொண்டு சாந்தில் வாயு எழச்செய்யும் வழி அதற்கு முன்னரே சிலர்க்குத் தெரிந்திருந்தது. அங்ஙனம் பொங்கிய சாந்தை நீராவியின் அழுத்தத்தில் வேகவைத்து உறுதியாக்கும் வழியோடு அதனை இணைத்தமையே எரிக்ஸனின் சிறப்பு. 1929-ஆம் ஆண்டில் இக்ஸ்ஹுல்ட் என்னும் இடத்தில் இக்கல் பெருமளவிற் செய்யப்படலாயிற்று. அங்கிருந்து வந்த கல்லே பின்னர் இடாங் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 1930-களில் ஸிபோரெக்ஸ் என்னும் மற்றொரு வகையும் ஸ்வீடனிலேயே தோன்றியது. ஜெர்மனியில் யோஸப் ஹெபல் என்பவர் 1940-களில் இத்தொழிலை மேற்கொண்டு, நீண்ட பலகைகளைச் செய்யும் முறையை வளர்த்தார்.

செய்யும் முறை

நம் வீடுகளில் இட்டிலிக்கு மாவு அரைத்து வைப்பதனை யாவரும் அறிவர். மாவு புளிக்கும்பொழுது வாயு எழுந்து, நுண்ணிய குமிழிகளாய் உள்ளே தங்கி, மாவைப் பொங்கச் செய்கிறது. பின்பு ஆவியில் வைத்தால் அக்குமிழிகளின் வடிவம் நிலைத்து, இட்டிலி மென்மையாகிறது. இக்கல் செய்யும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

மாவைப்போல் நுண்ணியதாக அரைத்த மணலுடன் சுண்ணாம்பு, சிமெண்டு, சிறிது ஜிப்ஸம், நீர் ஆகியவற்றைக் கலப்பர். இந்தியாவில் மணலுக்குப் பதிலாக அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலே பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. இக்கலவையில் இறுதியாக அலுமினியத் தூள் இடப்படும். அதன் அளவு மிகச் சிறிது. ஒரு கன மீட்டர் கல்லுக்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் போதும். அலுமினியம் சுண்ணாம்பு நீரோடு கலந்த அளவில் ரசாயன மாற்றம் நிகழ்ந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அவ்வாயு எண்ணிறந்த குமிழிகளாய் எழவே, அச்சிலுள்ள சாந்து பொங்கி உயர்கின்றது. சிறிது நேரத்தில் ஹைட்ரஜன் வெளியேற, அவ்விடத்தைக் காற்று நிரப்புகின்றது.

ஓரளவு இறுகிய இப்பெரும்பாளத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளால் அறுத்துக் கற்களாக்குவர். பின்னர் அவற்றை மூடிய பெருங்கலத்துள் ஏற்றி, ஏறக்குறைய 180 அல்லது 190 பாகை செல்ஸியஸ் வெப்பமுள்ள நீராவியில், காற்றுமண்டல அழுத்தத்தைப்போலப் பத்து, பன்னிரண்டு மடங்கு அழுத்தத்தில் பல மணி நேரம் வேகவைப்பர். அவ்வெப்பத்தில் சுண்ணாம்பும் மணலிலுள்ள சிலிக்காவும் கூடி, டோபர்மொரைட் என்னும் உறுதியான படிகமாகின்றன. நீராவியில் வேகாத நுரைக்கல்லும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், காயும்பொழுது சுருங்குவது வேகாத கல்லில் மிகுதி. ஆதலின் கல் வாங்குவோர் இவ்வேறுபாட்டை வினவி அறிதல் வேண்டும்.

இலேசினால் வரும் நன்மைகள்

ஒரு கணக்கைப் பார்ப்போம். 600 மில்லிமீட்டர் நீளமும், 200 மில்லிமீட்டர் உயரமும், 200 மில்லிமீட்டர் பருமனும் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 600 கிலோகிராம் வீதம் அதன் எடை 14 கிலோகிராமுக்குச் சற்று மேற்படும். அதே கனவளவுள்ள செங்கற்கட்டு, கன மீட்டருக்கு 1,800 கிலோகிராம் வீதம் 43 கிலோகிராம் இருக்கும். இனி 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் இதே பருமனும் உள்ள ஒரு சுவரைக் கருதுவோம். செங்கல்லாயின் அது 4,320 கிலோகிராம். காற்றுக்கல்லாயின் 1,440 கிலோகிராம். ஓர் அறையின் ஒரு சுவரிலேயே ஏறக்குறைய மூன்று டன் பாரம் குறைகின்றது. பல மாடிகளில் இவ்வளவு பாரம் குறையின், தூண்களும் உத்தரங்களும் அடித்தளமும் அதற்கேற்பச் சிறுத்தல் கூடும். நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடையைப் பொறுத்ததாதலின், அவ்வகையிலும் இலேசு நன்றேயாம்.

அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆகவே ஒரே பருமனுள்ள செங்கற்சுவரை நோக்க, இச்சுவரின் வழியே செல்லும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். குளிர்நாட்டிற்கெனப் பிறந்த கல் வெப்பநாட்டிற்கும் பயன்படுவது இதனாலேயே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நம் நாட்டில் ஒற்றை மாடி வீட்டிற்குள் வெயிலின் வெப்பம் மிகுதியாக இறங்குவது கூரையின் வழியேயாம். கூரையைக் காவாமற் சுவரை மாத்திரம் மாற்றியவர், வீடு குளிரவில்லை என்று கல்லை நொந்துகொள்வது முறையன்று. இவையன்றி இக்கல் தீப்பற்றாது. கறையானும் இதனை அரிக்காது.

காற்றினால் வரும் குறைகள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். உள்ளே காற்று மிகுந்தால் தாங்கும் வலிமை குறைவது இயல்பு. இந்தியத் தர நிறுவனம் இக்கல்லுக்கென வகுத்த ஐ.எஸ். 2185 மூன்றாம் பகுதி, கன மீட்டருக்கு 551 முதல் 650 கிலோகிராம் வரையுள்ள வகைக்கு, சதுர மில்லிமீட்டருக்கு 3 அல்லது 4 நியூட்டன் வலிமை வேண்டுமென்கிறது. தூணுக்கு இடும் சாதாரணக் கான்கிரீட்டோ 20 நியூட்டனும் அதற்கு மேலும் தாங்கும். எனவே அடுக்குமாடிகளில் இரும்புக் கான்கிரீட்டுத் தூண்களே பாரத்தைத் தாங்க, இக்கல் இடைவெளியை அடைக்கும் சுவராகின்றது. அங்ஙனம் அடைத்த சுவர் இலேசானது என்பது கொண்டு, கணக்கின்றி மாடிமேல் மாடி ஏற்றுவார் கேட்டை விலைக்கு வாங்குவோராவர்.

மேலும் இக்கல் நீரை உறிஞ்சும். செங்கல்லைத் தொட்டியில் ஊறவைத்துக் கட்டிப் பழகிய கை, இதனையும் ஊறவைத்தல் தவறு. மேற்புறத்தைச் சிறிது நனைத்தல் போதும். ஊறிய கல் காயும்பொழுது சுருங்கிச் சுவர் வெடிக்கும். இதற்கென வந்துள்ள ஒட்டுச்சாந்தை 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமாக இட்டுக் கட்டுதல் நன்று. சிமெண்டு மிகுந்த கடினமான பூச்சு மென்மையான கல்லோடு பொருந்தாது விரிசல் காணும். தூணும் சுவரும் கூடும் இடத்தில் வலையிட்டுப் பூசுதல் வேண்டும். தரையிலிருந்து ஈரம் ஏறாதபடி தடுப்பும், மழை படும் புறச்சுவருக்குத் தக்க பூச்சும் இன்றியமையாதன. சாதாரண ஆணி இதிற் பிடிப்பதில்லை. பாரமான அலமாரியை மாட்டுவோர் இதற்குரிய பிடிப்பாணியையே நாடவேண்டும்.

இரண்டு பாடங்கள்

இவை கொத்தனார் திருத்தக்கூடிய குறைகள். ஆயின் இக்கல்லின் வரலாற்றில் இவற்றினும் பெரிய பாடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது பாடம் ஸ்வீடனிலேயே கிடைத்தது. அங்குக் கல் செய்யப் படிகாரம் எடுக்கும் ஒருவகைக் கருங்களிப்பாறையைப் பயன்படுத்தினர். அப்பாறையில் எரியும் பொருளும் கலந்திருந்தமையால், சுண்ணாம்பு சுடும் செலவு குறைந்தது. அதனாற் செய்த கல் சற்று நீலநிறமாக இருந்ததால் நீலக் கான்கிரீட் எனப்பட்டது. ஆனால் அப்பாறையில் யுரேனியமும் அதன் வழித்தோன்றலாகிய ரேடியமும் இருந்தன. ரேடியத்திலிருந்து வெளிப்படும் ரேடான் என்னும் வாயு, நெடுநாள் சுவாசிப்போர்க்கு நுரையீரற் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. வெப்பத்தைக் காப்பாற்றும் பொருட்டு வீட்டை இறுக அடைத்தபொழுது, அவ்வாயுவும் உள்ளேயே தங்கியது. 1975-ஆம் ஆண்டில் அக்கல் செய்வது நின்றது. மணலாற் செய்யும் கல்லுக்கு இக்குற்றம் இல்லை. பிழை முறையில் அன்று. மூலப்பொருளை ஆராயாது மலிவை நாடியதில் என்க.

இரண்டாவது பாடம் இங்கிலாந்தில் கிடைத்தது. இக்கல்லுக்குள் இரும்புக்கம்பி வைத்து நீண்ட பலகைகளாகவும் வார்ப்பர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் விரைந்து கட்டப்பட்டபொழுது, அப்பலகைகள் தட்டையான கூரைகளுக்குப் பெரிதும் பயன்பட்டன. சாதாரணக் கான்கிரீட் தன்னுள் உள்ள இரும்பை நெருங்கிப் பற்றித் துருவினின்றும் காக்கும். நுண்துளை மிகுந்த இக்கான்கிரீட் அங்ஙனம் காவாமையின், கம்பிக்கு மேற்பூச்சு இடவேண்டியதாயிற்று. கம்பியின் பிடிப்போ, அதனோடு குறுக்கே பற்றவைத்த சிறு கம்பிகளையே நம்பியிருந்தது. பலகையின் முனையைக் கட்டுமிடத்தில் அறுத்துவிட்டால் அப்பிடிப்புப் போய்விடும். சுவரின்மேல் பலகை தங்கும் அகலம் குறைந்தாலும், தட்டைக் கூரையில் நீர் தேங்கி உள்ளே இறங்கினாலும், கேடு கண்ணுக்குப் புலப்படாமலே வளரும்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கென்ட் பகுதியிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளியின் கூரை இவ்வகையில் இடிந்து விழுந்தது. முன்னறிவிப்பு மிகச் சிறிதே இருந்தது. அஃது ஒரு வார இறுதியாய் இருந்தமையாற் பிள்ளைகள் உள்ளே இல்லை. வகுப்பு நடக்கும் ஒரு நாளில் அது நிகழ்ந்திருப்பின் யாதாயிருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பள்ளி திறப்பதற்குச் சில நாட்களே இருக்கையில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இப்பலகைகள் உள்ள கட்டடங்களை மூடும்படி அவ்வரசு அறிவித்தது. பல்லாண்டுகட்கு முன் கட்டியோர் செய்த சிக்கனத்தின் கடனை, அதனை அறியாத சிறுவர் தீர்க்க நேர்ந்தது.

முடிவுரை

இவற்றைக் கேட்டு, இக்கல்லையே விலக்குக என்று முடிவு செய்தல் அறிவன்று. கம்பியிட்ட பழைய கூரைப்பலகை வேறு. தூண்களுக்கிடையே அடைப்பாக நிற்கும் கல் வேறு. ஒன்றன் குற்றத்தை மற்றொன்றின்மேல் ஏற்றலாகாது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்தது எதுவெனக் கண்டு கொள்ளவேண்டும் என்பது திருவள்ளுவர் நமக்குக் காட்டிய நெறி. இக்கல்லுக்கும் அந்நெறியே பொருந்தும். மூலப்பொருள் யாது, நீராவியில் வெந்ததா, எத்துணைப் பாரம் தாங்கும், ஈரத்தினின்றும் அதனைக் காப்பது எங்ஙனம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதனைச் சோதிக்கவேண்டும் என்னும் ஐந்து வினாக்களையும் கேட்டு விடை பெற்றவர்க்கு, இக்கல் நல்ல நண்பனாகும்.

மணலின்மேல் வீடு கட்டிய புத்தியீனனைப்பற்றித் திருமறையில் நாம் படிக்கிறோம். அவன் வீடு விழுந்தது மணலின் குற்றமன்று. மணலின் இயல்பை அறியாது அதன்மேற் பாரத்தை வைத்தவனுடைய குற்றம். அதே மணலை நுண்ணியதாக அரைத்து, சுண்ணாம்பும் நீரும் கூட்டி, காற்றை உள்ளே அடைத்துச் சுவராக்கும் கல்வி இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அக்கல்வியோடு, அதன் எல்லையை அறியும் பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. இக்கல்லூரியிலிருந்து நாளை கட்டடம் எழுப்பப் போகிறவர்களும், கட்டுவோரை ஏவப் போகிறவர்களும், அதில் வாழப் போகும் நாம் யாவரும் இதனை மனத்திற் கொள்வோமாக.