பச்சை என்றால் எந்தப் பச்சை, தங்கச்சி?

தேயிலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் எல்லா வரைபடத்தையும் பச்சையில் போடத்தான் கை ஓடும். லோகோ பச்சை, கொழுந்து பச்சை, மெனேஜரும் பச்சைதான் கேட்பார். போடு. ஆனால் அந்தப் பச்சை எதைக் குறிக்கிறது என்று முதலில் முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிவிடு. ஜனவரி அறிக்கையில் பச்சை விளைச்சல், பெப்ரவரியில் அதே பச்சை செலவு என்று வந்தால், லோகோவின் நிறம் அச்சொட்டாகப் பொருந்தி என்ன பிரயோசனம்?

நிறம் மாதா மாதம் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் எக்செல். அது பெயரைப் பார்த்து நிறம் கொடுக்காது, வரிசையைப் பார்த்துத்தான் கொடுக்கும். பட்டியலில் மேலே இருந்த ஒரு தோட்டத்தை எடுத்துவிட்டு படத்தைப் புதிதாகப் போட்டாயானால், கீழே உள்ளவை ஒரு படி ஏறி மற்றத் தோட்டத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே நிறங்களை நீயே கொடுத்து, படத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வை. டெம்ப்ளேட்டும் வரிசையைத்தான் பார்க்கும். பட்டியலின் வரிசையை மட்டும் குலைத்துவிடாதே.

நம் தொழிலில் ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, 600 முதல் 1,200 வரை மத்திய நிலம், அதற்குக் கீழே தாழ்நிலம். அடுக்குப் பட்டை போடும்போது உயர்நிலம் எப்போதும் உச்சியில், கடும்பச்சையில் இருக்கட்டும். கீழே வர வர நிறம் வெளிறட்டும். நாட்டு விளைச்சலில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில்தான் வருகிறது, அதனால் அந்த வெளிறிய பச்சைதான் படத்தில் பெரிதாகத் தெரியும். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் உள்ள பட்டிப்பொலயில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். கணக்கு அப்படி, என்ன செய்வது.

தோட்டங்களை ஒப்பிடும் படத்தில் சொல்ல வந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் கம்பெனி நிறம், மிச்சமெல்லாம் சாம்பல். ஆளுக்கொரு நிறம் கொடுக்கப் போனால் பச்சைக்குப் பக்கத்தில் நீலமும் சிவப்பும் வந்து நிற்கும். நம் நாட்டில் அது தேர்தல் முடிவு மாதிரி இருக்கும், கூட்டத்தில் யாராவது பகிடி விடுவார்கள்.

நிறத்தைவிடப் பெரிய காரியம் அச்சு. பட்டை என்றால் பூச்சியத்தில் தொடங்க வேண்டும், இதில் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே. இரசாயன உரத் தடை வந்த 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோ, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, அதுவே பெரிய அடி. அச்சை 240இல் தொடங்கிப் பார்: முதல் பட்டை 59 அளவு, அடுத்தது 11. ஐந்து மடங்கு சரிந்த மாதிரித் தெரியும். எக்செலை அதன் போக்கில் விட்டால் சில நேரம் இப்படித்தான் வரும், நீ கவனிக்கக்கூட மாட்டாய். கொழும்பு ஏல விலையைக் கோடாகப் போடும்போது பூச்சியம் கட்டாயமில்லை. ஆனால் எந்த இலக்கத்தில் தொடங்குவது என்பதையும் அந்தத் தாளில் எழுது. ஒவ்வொரு மாதமும் அதே இலக்கம்.

சிங்க இலச்சினையை அழகுக்காகப் படத்தின் மூலையில் ஒட்டாதே. அது இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. இலங்கையிலேயே பொதி செய்த, கலப்பில்லாத சிலோன் தேயிலைக்குத்தான் அது.

ஹெட் ஒபிஸ் திரையில் பார்த்த படம் கடைசியில் தோட்டத்துக்கு வரும்போது போட்டோகொப்பியாகத்தான் வரும். பெரட்டுக்களத்துப் பலகையில் கடும்பச்சையும் கடும்சிவப்பும் ஒரே கறுப்பு. இரண்டையும் பிரித்தறியாத கண்ணும் ஆண்களில் சிலருக்கு உண்டு. அனுப்புவதற்கு முன் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பார். நிறக்குறிப்புப் பெட்டியை எடுத்துவிட்டு, பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதினால் பாதித் தொல்லை தீரும்.

எழுத்து விஷயத்தில் கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சிங்களத்துக்கும் தமிழுக்கும் எது என்று நீயே கேள். பாமினியில் அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் தமிழெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகிவிடும். யுனிகோட்டில் நோட்டோ மாதிரி மூன்று மொழிக்கும் எழுத்து உள்ள குடும்பமாகப் பார்த்து எடு. தமிழ்த் தலைப்பு ஆங்கிலத்தைவிட நீளும், அதற்காக எழுத்தைச் சின்னதாக்காதே. முதலே இரண்டு வரிக்கு இடம் விடு. டிசைன் செய்பவரிடமிருந்து பீடிஎஃப் வந்ததும் "கொழுந்து" என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பார். கொம்பு ககரத்துக்கு முன்னால், கால் பின்னால் இருந்தால் அச்சுக்குக் கொடு. கொம்பு இடம் மாறியிருந்தால் திருப்பி அனுப்பு, அவசரம் என்று சொன்னாலும்.