மழைக்காலத்தில் கோழியின் உள்ளங்காலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் பயம் வந்துவிடும். தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். அதைக் கட்டாயம் போடத்தான் வேண்டும். ஆனால் புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீடுகளில் மார்கழி வரைக்கும் சத்தமில்லாமல் வந்து சேரும் தொல்லை வேறொன்று: பாதத்தில் சீழ் கட்டுவது. கோழி உடனே சாகாது, இரையும் எடுக்கும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று கண்ணில் படும்போது புண் விரலிடுக்கு வரை போயிருக்கும்.

ஈரத்தில் நின்று நின்று பாதத்தோல் ஊறி மெலிந்துவிடுகிறது. சீமைக்கருவேல முள்ளோ, ஓட்டுச் சில்லோ, கரடுமுரடான சிமெண்டுத் தரையோ சின்னதாக ஒரு கீறல் போட்டால் போதும். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, பெரும்பாலும் தோலிலேயே குடியிருப்பது, உள்ளே இறங்கிவிடும். உடல் பாரம் அதிகமுள்ள பெருவிடைச் சேவல்களுக்கும் அசில்களுக்கும் ஆபத்து கூடுதல். உயரத்திலிருந்து அவை குதிக்கும்போது முழுப் பாரமும் உள்ளங்காலில்தான் விழுகிறது.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். கோழிகள் அடைந்த பிறகு டார்ச்சுடன் போய் ஒவ்வொன்றாகப் பிடித்து, பழைய துண்டால் சிறகோடு சேர்த்துச் சுற்றி, மல்லாக்கப் புரட்டாமல் பாதத்தை மட்டும் திருப்பிப் பாருங்கள். கண்ணை மூடினாற்போல் துண்டை இழுத்துவிட்டால் கோழி அமைதியாகிவிடும். நல்ல பாதம் மெத்தென்று, இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கும். நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, தொட்டால் சூடு என்றால் ஆரம்பம். விரல்களுக்கு நடுவே மேல்பக்கமும் புடைத்திருந்தால் முற்றிய நிலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஆரம்ப நிலைக்கு வீட்டிலேயே பார்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; இந்தக் கிருமி மனிதர் கைப்புண்ணிலும் தொற்றும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பேதி உப்பு கரைத்து, கோழியின் காலைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். முள் வெளியே தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். நன்றாகத் துடைத்து உலர்த்தி, போவிடோன் அயோடின் மருந்து தடவி, காஸ் துணி வைத்து விரலிடுக்கில் குறுக்காகச் சுற்றி ஒட்டுநாடா போடுங்கள். இறுக்கக் கூடாது, விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். கட்டைத் தினமும் மாற்றி, ஈரமில்லாத தனியிடத்தில் காய்ந்த வைக்கோல் போட்டுக் கோழியை விடுங்கள். நாலைந்து நாளில் சூடும் சிவப்பும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

புடைத்த பாதத்தைப் பிதுக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். நமக்கு வருவதுபோல் கோழியின் சீழ் நீராக ஓடாது. கெட்டியாக, பாலாடைக்கட்டிபோல் உறைந்து உட்கார்ந்திருக்கும். பிதுக்கினால் வெளியே வருவதைவிட உள்ளே நரம்புக்கும் மூட்டுக்கும் போவதே அதிகம். பிளேடால் கிண்டுவது அதைவிட மோசம். அந்தச் சீழை எடுப்பதற்கு மரத்துப்போக ஊசி, சுத்தமான கத்தி, பழகிய கை மூன்றும் வேண்டும். எலும்பு வரை போய்விட்டால் அந்தக் கோழியைத் திரும்ப நடக்க வைப்பது கடினம்.

இன்னும் இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும். முதலாவது, வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய மாத்திரையையும் கேப்சூலையும் பிரித்துத் தீவனத்தில் கலப்பது. வலி மாத்திரைகளில் சில பறவைகளின் சிறுநீரகத்தையே பழுதாக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணமான டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குத் தரக்கூடாது என்று நம் நாட்டில் 2006-லேயே தடை வந்துவிட்டது. இரண்டாவது, காலில் மண்ணெண்ணெயோ வண்டி ஆயிலோ தடவுவது. தோல் வெந்துபோகும்.

மண்ணெண்ணெய் வைத்தியம் பெரும்பாலும் செதில் கால் நோய்க்குச் செய்வது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். செதில் கால் நோயில் உள்ளங்காலில் சீழ் கட்டாது. காலின் மேல்செதில்கள் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்திருக்கும். செதிலுக்கடியில் குடையும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிதான் காரணம். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுங்கள். மூச்சு முட்டி உண்ணி சாகும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். ஒரு கோழியிடமிருந்து மற்றதற்குத் தொற்றும் என்பதால் எல்லாக் கோழிகளின் காலையும் பார்த்தாக வேண்டும்.

நொண்டும் கோழியின் விரலில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தையல் மிஷின் உள்ள வீட்டுக் கொல்லையில் இது சகஜம். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து உதிரும்; சின்னக் கத்தரியால் நூலை அறுத்துவிட்டாலே பிழைத்துக்கொள்ளும். புண் எதுவும் இல்லாமல் இரண்டு காலும் விழுந்துபோனால், கழுத்தும் திருகினால், அது கால் நோயே அல்ல. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், தனியே பிரித்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

என்ன மருந்து போட்டாலும் தரை ஈரமாக இருந்தால் காசு வீண். நான் பார்த்தவரை, மருந்தே போடாமல் இடத்தை மட்டும் உலர்த்தியவர்களின் கோழிகள் பாதி தேறியிருக்கின்றன. மருந்து மட்டும் போட்டவர்களுக்குப் புண் திரும்ப வந்திருக்கிறது. கொட்டகையில் நெல் உமியோ மரத்தூளோ மூன்று அங்குலமாவது இருக்கட்டும். ஒரு பிடி அள்ளி அழுத்திக் கையைத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். கட்டிகளை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போட்டுக் கிளறுங்கள். நீற்றிய சுண்ணாம்புத்தூளைக் கொஞ்சமாகக் கலக்கலாம். நீற்றாத சுண்ணாம்பு பாதத்தையே பொசுக்கிவிடும். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேலோ கம்பிவலைச் சட்டத்தின் மேலோ வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். காற்றை முழுக்க அடைத்துவிடாதீர்கள்.

கோழி அடையும் கட்டை இரண்டு அங்குல அகலத்தில், முனை மழுங்கி, சிலாம்பு இல்லாமல் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும். முருங்கை மரத்தில் அடையும் கோழியை மழைக்காலத்திலாவது கீழே பழக்குங்கள். மாடியில் வளர்ப்பவர்கள் சிமெண்டுத் தரையை வெறுமனே விடாமல் உமியோ மணலோ பரப்ப வேண்டும். வெறும் குருணையும் சோறும் தின்னும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் பலவீனமாகும். முருங்கைக்கீரையோ அகத்தியோ தினமும் ஒரு கொத்துக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வீக்கம் பெரிதாக இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே கூடையில் கொண்டுபோங்கள். போக முடியாதவர்கள் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-ஐ அழைக்கலாம். ஊசி மருந்து போட்டால், முட்டையையும் கறியையும் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அந்த முட்டையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள், கடைக்கும் விற்காதீர்கள்.