ஆறு கம்ப்யூட்டருக்கும் தானாக அப்கிரேட்: ஆனால் முதலில் ஒன்றுக்கு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இந்த அப்டேட் எல்லாம் அவசியம்தானா? நிறுத்திவிடலாமா?" நிறுத்தக் கூடாது. ஆனால் அது நமக்கு வசதியான நேரத்தில் நடக்கும்படி செய்துகொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் தேவை.

எங்கள் ஊர் பண்பொழி. அங்கே என் சித்தப்பா ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து டி.டி.பி. மற்றும் ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்துகிறார். ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்று, ஒரு பெண்ணின் விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகி, அப்டேட் நடக்கிறது என்ற செய்தியோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் முதலில் இருந்து டைப் செய்து, கெடு முடிவதற்குள் ஒருவழியாக அனுப்பினோம். "ஆறுலயும் இந்த அப்டேட்ட நிறுத்திருடே" என்றார் சித்தப்பா. நான் மறுத்துவிட்டேன். காரணத்தைப் பாருங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

விண்டோஸில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் தீய புரோகிராம் அதே ஓட்டை வழியாகப் பரவி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு, யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே அது பரவியது. பேட்ச் போட்டிருந்தவை தப்பின.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போட்டால்?

அதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை இருந்தது. அது ஒரே சமயத்தில் உலகெங்கும் போய்ச் சேர்ந்ததால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆக, அப்டேட் கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதைக் கவனிப்பதற்கென்றே தனி சாஃப்ட்வேர்கள் உள்ளன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் அவற்றுள் ஒன்று. அதிலும் ஒரு சோதனைக் குழுவுக்கு முதலில் பேட்ச் அனுப்பி, சரியாக இருந்தால் மற்றவற்றுக்கு அனுப்பலாம். ஆறு கம்ப்யூட்டருக்கு நாம் விண்டோஸ் 11-ல் உள்ள வசதிகளைக் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

படி 1: விண்டோஸ் அப்டேட்

செட்டிங்ஸ் > விண்டோஸ் அப்டேட் > அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதில் உங்கள் வேலை நேரத்தைக் கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இரவில் அணைத்துவிடுபவர்கள், மெனுவில் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச்களை வெளியிடுகிறது. அன்று ஐந்து கம்ப்யூட்டர்களில் 'பாஸ்' மூலம் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். அதுதான் சோதனைக் கம்ப்யூட்டர்.

படி 2: மற்ற சாஃப்ட்வேர்கள்

பிரவுசர், பி.டி.எஃப். ரீடர் போன்றவற்றை ஒவ்வொன்றாக அப்கிரேட் செய்தால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று க்ளிக் செய்தே பொழுது போய்விடும். இந்தக் கேள்விகள் இல்லாமல் தானாக நடப்பதையே 'அன்அட்டெண்டட்' என்கிறோம். இதற்கு விண்டோஸ் 11-ல் 'விங்கெட்' என்ற கட்டளை இருக்கிறது.

நோட்பேடைத் திறந்து, கீழுள்ள கட்டளையை ஆங்கில எழுத்துகளில் ஒரே வரியாக டைப் செய்யுங்கள்:

விங்கெட் அப்கிரேட் --ஆல் --சைலன்ட் --அக்செப்ட்-சோர்ஸ்-அக்ரிமென்ட்ஸ் --அக்செப்ட்-பேக்கேஜ்-அக்ரிமென்ட்ஸ்

'ஆல்' என்றால் எல்லாவற்றையும் அப்கிரேட் செய். 'சைலன்ட்' என்றால் கேள்வி கேட்காதே. கடைசி இரண்டும் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்வதற்கு. ஃபைலை 'பேட்' என்ற நீட்சியோடு, அதாவது புள்ளி பி ஏ டி என்று முடியும்படி, சேவ் செய்யுங்கள்.

படி 3: நேரம் குறித்தல்

ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்து, 'கிரியேட் பேசிக் டாஸ்க்' க்ளிக் செய்யுங்கள். பெயர் கொடுத்து, 'வீக்லி' தேர்ந்தெடுங்கள். சோதனைக் கம்ப்யூட்டருக்குப் புதன் மதியம் 1.30, மற்றவற்றுக்கு ஞாயிறு மதியம். 'ஸ்டார்ட் எ புரோகிராம்' என்பதில் நாம் சேவ் செய்த ஃபைலைக் காட்டுங்கள். பிறகு அந்த டாஸ்க்கின் பிராப்பர்ட்டீஸ் திறந்து, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதை டிக் செய்யுங்கள். 'செட்டிங்ஸ்' டேபில், தவறிய டாஸ்க்கைக் கூடிய விரைவில் ஓட்டும் 'ரன் டாஸ்க் ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' வரியையும் டிக் செய்யுங்கள். குறித்த நேரத்தில் கரண்ட் போயிருந்தாலும், பிறகு கம்ப்யூட்டரைப் போட்டதும் வேலை நடந்துவிடும். அந்த நேரத்தில் லாக்-இன் செய்த நிலையில், மற்ற புரோகிராம்களை மூடி வைத்திருங்கள்.

படி 4: சோதனை

இதை மட்டும் கம்ப்யூட்டர் தானாகச் செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும். வியாழன் காலை சோதனைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். ஒரு வரி தமிழில் டைப் செய்யுங்கள். ஸ்கேனர், கணக்கு சாஃப்ட்வேர், நீங்கள் தினமும் பயன்படுத்தும் இணையதளம் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். ஏதாவது மக்கர் செய்தால், மற்ற ஐந்திலும் டாஸ்க்கின் மீது ரைட் க்ளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்து, தீர்வு கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். முக்கியமான ஃபைல்களுக்குத் தனி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைப்பதும் அவசியம்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவது நல்லது.

இப்போது சித்தப்பா புதன்கிழமை மதியம் சோதனைக் கம்ப்யூட்டரை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார். கடைசி நாள் விண்ணப்பங்களை மட்டும் அதில் போடுவதே இல்லை. நீங்களும் எல்லாவற்றிலும் அவசரப்பட்டுச் செய்யாமல், இந்த வாரம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் முயன்று பாருங்கள்.