எத்தீமின் பொருளும் காப்பாளரின் கூலியும்

தகப்பனார் மௌத்தாகிவிடுகிறார். பிள்ளைகள் சிறுவர். சாச்சா தம் பிழைப்பை விட்டுவிட்டு அண்ணனின் கடையில் வந்து உட்காருகிறார். அவருக்குக் கூலி உண்டா? உண்டெனில் எவ்வளவு? வெட்கத்தினால் நம்மில் எவரும் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேளாமல் விட்ட இக்கேள்வியே பத்தாண்டு கழித்துக் குடும்பத்தைக் கோர்ட்டுப் படியேற்றிவிடுகிறது.

முதலில் ஒன்று. சாச்சா என்பதனாலேயே பொருளின் மீது அதிகாரம் வந்துவிடாது. ஷாபிஈ மத்ஹபின்படி தகப்பனுக்குப் பின் அவருடைய தகப்பனாருக்கு, அவரும் இல்லையெனில் மரண சாசனத்தில் நியமிக்கப்பட்டவருக்கு, பிறகு காழிக்கு அவ்வுரிமை செல்கிறது. ஆகவே நியமனம் பெற்ற பிறகே கூலிப் பேச்சு.

அந்நிஸா சூராவின் 6-வது ஆயத்து, வசதியுள்ள காப்பாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ஏழையானவர் நியாயமான அளவில் உண்ணலாம் என்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்று அவசரமாக விழுங்குவதையும் அதே ஆயத்து தடுக்கிறது.

நியாயமான அளவு எது? அவருடைய தேவை, அவ்வேலைக்கு ஊரார் கொடுக்கும் கூலி, இவ்விரண்டில் எது குறைவோ அது என்பர் ஷாபிஈ சட்ட அறிஞர்கள். வேலைக்கான கூலி 1,500 வெள்ளி, தேவை 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுக்கக்கூடியது 900. தேவை 2,000 ஆனாலோ 1,500-க்கு மேல் எத்தீமின் பெட்டியில் கை வைக்க இடமில்லை. பின்னால் வசதி வந்தால் எடுத்ததைத் திருப்பித் தரவேண்டுமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். லாரி வாடகை, கணக்கர் சம்பளம் முதலியவை கூலியில் சேரா. அவை பொருளின் செலவே.

சிங்கப்பூரில் நினைவு தப்பிய முதியோரின் சொத்தைப் பார்க்க 2008-ஆம் ஆண்டின் மென்டல் கெபாஸிட்டி சட்டப்படி கோர்ட்டார் ஒருவரை நியமிப்பதுண்டு. அவர் செய்த நியாயமான செலவு அச்சொத்திலிருந்து கிடைக்கும். ஊதியமோ கோர்ட்டார் உத்தரவிட்டால்தான். 2018 முதல் ஊதியம் பெற்று இதைத் தொழிலாகச் செய்வோரும் உண்டு. மகனோ மருமகனோ அவ்வாறு நினைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்துவிடலாகாது.

பொருளை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கச் சொல்கிறது மேற்சொன்ன ஆயத்து. எடுத்த தொகையைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை பிள்ளைகளின் தாயாரிடம் காட்டி வந்தால், அன்றைக்குச் சாட்சிகள் பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும்.